வாயில்லா உயிரின் சாட்சியம்

பல்வலி கொண்டோர் கராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்து வைப்பது நெடுங்கால வழக்கம். நோவு தணிந்தால் அவர் வாய்விட்டுச் சொல்வர். எலி எவ்வாறு சொல்லும்?

1941 ஆம் ஆண்டில் டி அமோர், சிமித் என்னும் இருவர் எலியின் வாலில் விளக்கின் வெப்பத்தைப் பாய்ச்சி, அது வாலை விலக்கும் வரையுள்ள செக்கன்களை எண்ணினர். 1944 இல் வுல்ப், மக்டொனால்ட் என்போர் சுண்டெலியைச் சூடான தட்டில் விட்டு, அது எத்துணை நேரம் தாங்குகின்றதென அளந்தனர். மருந்து பெற்ற எலி தாமதித்தால் நோவு தணிந்ததெனக் கொள்ளப்பட்டது. கராம்புத் தைலத்திலும் நம் நாட்டுக் கறுவா இலைத் தைலத்திலும் மிகுந்துள்ள யூஜினோல் என்னும் பொருளும் பிற்காலத்தில் இத்தகைய சோதனைகளுக்கு உட்பட்டது.

ஆயினும் தாமதம் யாவும் நோவின்மை ஆகாது. தைலம் மயக்கந் தந்தாலும், தசையைத் தளர்த்தினாலும் எலி அசையாதிருக்கும். ஆதலின், 1957 இல் டன்ஹாம், மியா ஆகியோர் காட்டிய முறைப்படி, சுழலும் தண்டின்மீது அதனை நடக்கவிட்டுப் பார்ப்பர். விழாது நடந்தாலன்றி முதற்சோதனையை நம்புதல் அரிது.

நோவை அளக்க நோவு செய்தல் தகுமோ? 1959 இல் இரசல், பேர்ச் என்னும் அறிஞர் மூன்று நெறிகளை வகுத்தனர்: இயலுமாயின் விலங்கின்றிச் சோதிக்க, இன்றேல் எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க. இன்று சூட்டுத்தட்டுக்கும் நேர எல்லையுண்டு. எலி அசையாவிடினும் அவ்வெல்லையில் அதனை எடுத்துவிடுதல் ஆய்வாளர் கடமை.