பாவை முதல் உடக்கு வரை

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக் கரையில் ஈர மணலைக் குவித்துப் பிள்ளைகள் ஆளுருவம் செய்தால், அதற்குப் பழந்தமிழில் பெயர் உண்டு: வண்டற்பாவை. ஐங்குறுநூற்றில் அம்மூவனாரின் நெய்தற்பாட்டு ஒன்றில் (124), தன் வண்டற்பாவையை அலை கொண்டுபோன ஆத்திரத்தில் ஒரு பெண் மணலை அள்ளி அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். பாவை அங்கே அவள் கையால் செய்த விளையாட்டுப் பொருள்.

அதே சொல் கொல்லிமலையில் வேறு முகம் காட்டுகிறது. கொல்லிப்பாவை மனிதர் செய்ததன்று. பூதம் செய்தது என்றும் தெய்வம் செய்தது என்றும் நற்றிணைப் பாடல்கள் சொல்கின்றன. காற்று, மழை, இடி எதற்கும் அதன் அழகு குலையாது. திருக்குறளில் மரப்பாவை இரண்டு இடங்களில் வருகிறது (1020, 1058). நாணமில்லாதவரின் நடமாட்டத்தை வள்ளுவர் கயிற்றில் ஆடும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறார். உயிர் இருப்பதுபோல் மயக்குவதே அதன் குற்றம். ஆக, கொஞ்சுவதற்கும் அஞ்சுவதற்கும் தொடக்கத்தில் ஒரே சொல்தான் இருந்தது.

பிறகு சொற்கள் பிரிந்தன. தெலுங்கு ‘பொம்ம’வோடு உறவுள்ள பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டியையும் கொலுப்படியையும் தனதாக்கிக்கொண்டது. இலங்கையில் குழந்தையின் கையில் இருப்பது பாவைப்பிள்ளை. வயலில் பறவைகளை வெருட்ட நிற்பது வெருளி. மழை பொய்த்தால் தெருவில் இழுப்பதும், ஆர்ப்பாட்டத்தில் எரிப்பதும் கொடும்பாவி. ஒலி ஒத்தாலும் இதில் உள்ளது பாவை அல்ல, பாவி; பழியைச் சுமக்கவே கட்டப்படும் உருவம்.

மன்னார்க் கரையின் கத்தோலிக்கர் இந்த வரிசையில் இன்னும் இரு சொற்களைச் சேர்த்தார்கள். ஆலயத்தில் வணங்கப்படும் புனிதரின் உருவம் சொரூபம். தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளை நடித்துக்காட்ட அசைக்கப்படும் உருவம் உடக்கு. பாடுகளின் நாடகம் பாஸ்; அதை நடிகருக்குப் பதில் உருவங்களை வைத்து நடத்துவது உடக்குப் பாஸ். மன்னார்த் தீவில் இதற்குப் பேர்போன ஊர் பேசாலை. 1705இல் கோவாவிலிருந்து இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ இந்த மரபுக்கு உரையும் ஓலமும் தந்த நூல்.

இத்தகைய உருவங்களில் தச்சரின் கவனமெல்லாம் முகத்திலும் கைகால்களிலும்தான்; மற்றதை அங்கி மூடிவிடும். சிலுவையிலிருந்து இறக்கும் கட்டத்துக்காகக் கிறிஸ்துவின் தோள்மூட்டு மடங்கும்படி அமைக்கப்படும். ஆணி கழன்றதும் மரக்கை தளர்ந்து தொங்கும்போது சனம் விம்மி அழும். அந்தக் கணத்தில் அது மரம் என்று எவரும் நினைப்பதில்லை. உடல், உடம்பு என்பவற்றோடு வைத்து எண்ணத்தக்க ‘உடக்கு’ அந்த உருவத்துக்குப் பொருந்திய பெயர்தான். வள்ளுவர் குற்றமாகக் கண்ட மயக்கம் இங்கே பக்தியின் கருவியாகிவிட்டது.

பொம்மை என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்த வேறுபாடுகள் எல்லாம் மறைந்துபோகும். ஆகவே மன்னார்ப் பக்கத்தவருக்கு ஒரு வேண்டுகோள்: உடக்கு செய்தவர்களும் ஆட்டியவர்களும் ஊரில் இருந்தால், மூட்டுக்கும் கயிற்றுக்கும் தாங்குமரத்துக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.