ஒற்றை அறையும் இரட்டை அறையும்: பழைய வேகக் காரின் பிரேக்கில் பதிந்த வரலாறு

1964 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங், அக்காலத்தின் வேக வேட்கைக்கு அடையாளமாயிற்று. ஆயினும் 1966 மாடல் வரை அதன் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒற்றை அறை கொண்ட ஒரே மாஸ்டர் சிலிண்டரையே நம்பியிருந்தன. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் மொத்த அழுத்தமும் போய்விடும். கைபிரேக் மட்டுமே எஞ்சும்.

இதற்கு மாற்று அன்றே இருந்தது. 1962 மாடலிலேயே கேடிலாக், அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தின. ஒரே உருளைக்குள் இரு பிஸ்டன்கள், இரு தனி அறைகள்; ஒரு சுற்று பழுதானாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். 1965-இல் ரால்ஃப் நேடரின் நூல் எழுப்பிய விவாதம், 1966-இன் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம், 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டரசுத் தரவிதிகள் ஆகியவற்றுக்குப் பின்னரே அது அனைவருக்கும் உரியதாயிற்று. மஸ்டாங் 1967 மாடலில் மாறிக்கொண்டது. தொழில்நுட்பம் கைவசம் இருந்தும், அதைப் பொதுவாக்கியதில் சட்டத்தின் அழுத்தத்துக்குப் பெரும் பங்குண்டு.

இன்று அத்தகைய காரைப் புதுப்பிப்பவர் இரட்டை சிலிண்டரைத் தேர்ந்தால் மட்டும் போதாது. அளவும் பொருந்த வேண்டும். உட்துளையின் விட்டம் 7/8 அங்குலத்திலிருந்து 1 அங்குலமானால் பரப்பு ஏறத்தாழ 31 விழுக்காடு கூடும். பெடல் குறைந்த தூரமே இறங்கும். ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் ஏறத்தாழ 23 விழுக்காடு குறையும். பூஸ்டர் இல்லாத வண்டியில் காலின் வலுவே அந்த இழப்பை ஈடுசெய்தாக வேண்டும். டிரம் பிரேக்குக்கான சிலிண்டர்கள் பலவற்றில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு உண்டு. டிஸ்க் பிரேக்கில் அது பேடுகளை உரசவைக்கும். டிஸ்க்கின் பேடுகள் தேயத் தேயக் காலிபர் கூடுதல் திரவம் கேட்பதால் அதற்குரிய தேக்கமும் பெரிதாக இருத்தல் வேண்டும்.

மூலவடிவத்தைக் காப்பதே மீட்டெடுப்பின் அறம் என்பர். ஆனால் ஒற்றை அறை, வடிவமைப்பின் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. அக்காலம் பொறுத்துக்கொண்ட ஓர் ஆபத்து. காட்சியரங்கில் நிற்கும் காருக்கு அது ஆவணம். சாலையில் ஓடும் காருக்கு அது கடன். உடலை வெட்டாமல், மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய வகையில் இரட்டை சிலிண்டரைப் பொருத்தி, கழற்றியதைக் குறிப்புடன் பாதுகாப்பதே வரலாற்றுக்கும் உயிருக்கும் ஒருசேர நேர்மையானது.