வெற்று நிலைவாயில்: யாஷ்சிலானில் ஒரு நாள்

லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சுண்ணாம்புக்கல் பலகையொன்று உள்ளது. அரசன் ஒருவன் உயரத் தூக்கிய தீப்பந்தத்துடன் நிற்கிறான். அவன் முன் மண்டியிட்டிருக்கும் அரசி, முட்கள் கோத்த கயிற்றைத் தன் நாவின் துளைவழியே இழுக்கிறாள். சொட்டும் குருதியை ஏற்க, கீழே கூடையில் தாள்கள் கிடக்கின்றன. நல்லாடையின் நெசவுப் பூவேலை ஒவ்வொன்றையும் சிற்பி கல்லில் காட்டியிருக்கிறான். அக்கல்லின் முன் நெடுநேரம் நின்ற நான், அது பெயர்த்தெடுக்கப்பட்ட வாயிலை ஒருமுறையேனும் காண வேண்டுமென்று அன்றே எண்ணினேன். அவ்வெண்ணம் நிறைவேறப் பல்லாண்டுகள் ஆயின.

அவ்வாயில் இருப்பது யாஷ்சிலானில். மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மாநிலத்துக்கும் குவாத்தமாலாவுக்கும் எல்லையாய் ஓடும் உசுமசிந்தா ஆறு, குதிரை லாடம்போல் வளையுமிடத்தில் அமைந்த மாயா நகரம் அது. அதற்குச் சாலை கிடையாது, ஆறே வழி. சுற்றுலா நிறுவனத்தை நாடாமல் தனியே சென்றமையால், பலேங்கே நகரிலிருந்து விடியுமுன் புறப்படும் வேனில் ஏறி, எல்லையோரச் சிற்றூராகிய ஃப்ரொந்தேரா கொரொசாலில் இறங்கினேன். தனியாளாகப் போனால் படகு முழுவதற்கும் வாடகை தர வேண்டும். ஆகவே துணைக்கு வேறு பயணிகள் சேரும்வரை கரையில் காத்திருந்தேன். தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி தன்னந்தனியே அங்கு ஏன் வந்தாள் என்பது படகுக்காரருக்குப் புதிராகவே இருந்திருக்கும்.

ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஆற்றுப் பயணம். கரையேறிக் காட்டுப் பாதையில் நடந்தால், முதலில் எதிர்ப்படுவது ‘புதிர்வழி’ எனப்படும் இருட்டுக் கட்டடம். கைவிளக்கில்லாமல் நுழைய இயலாது; தலைக்குமேல் வௌவால்கள். மறுபுறம் வெளிவந்ததும், பெருமரங்கள் சூழ்ந்த நீண்ட திடல் விரிகிறது. தொலைவில் எங்கோ ஊளைக் குரங்குகள் எழுப்பிய ஒலியைப் புலியின் உறுமலென்றே முதலில் அஞ்சினேன்.

திடலின் ஓரத்திலுள்ள 23ஆம் எண் கட்டடந்தான் நான் தேடி வந்தது. மூன்று வாயில்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிற்ப உத்தரக்கல் இருந்தது. சிற்பம் கல்லின் அடிப்புறத்தில் இருந்ததால், உள்ளே நுழைவோர் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலேயரான ஆல்ஃபிரெட் மாட்ஸ்லி 1882-இல் இங்கு வந்தார். அவர் முயற்சியால் இரு கற்கள் லண்டன் சேர்ந்தன. மூன்றாவது மெக்சிக்கோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று வாயில்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. காப்பதற்காக எடுத்தார்கள் என்பது உண்மையே. எனினும் எழுதப்பட்ட வீட்டிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்தெடுத்தது உறுத்தவே செய்கிறது.

ஏனெனில் அக்கற்களிலுள்ள எழுத்துகள் இவ்வீட்டைப் பற்றியே பேசுகின்றன. இது கபல் ஷோக் என்னும் அரசியின் இல்லம். அவள் 681-இல் முடிசூடிய மூன்றாம் இட்சம்நாஹ் பலாமின் மனைவி. குருதி வழங்கும் காட்சி கி.பி. 709-ஐச் சேர்ந்தது. ஆனால் இவையெல்லாம் நமக்குத் தெரிந்து அறுபது எழுபது ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் இக்கற்களைக் கண்ட பேரறிஞர்கள், அவற்றில் காலக்கணிதமும் வானியலும் அன்றி வேறொன்றும் இல்லையென்றே நம்பினர். நீளங்கி அணிந்த உருவங்களைப் பூசகர்கள் என்றனர். பெண்கள் எதிரில் நின்றும் பெண்களாகக் காணப்படவில்லை.

அதை மாற்றியவர் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தாத்தியானா ப்ரொஸ்கூரியாக்கோஃப். கட்டடக்கலை பயின்றவர், வேலை கிடைக்காத காலத்தில் ஓவியம் வரைவதற்காகத் தொல்லியல் துறைக்கு வந்தவர். இதே ஆற்றில் மேலும் கீழேயுள்ள பியெத்ராஸ் நேக்ராஸ் நகரின் நடுகற்களை நிரல்படுத்தியபோது, அவை தொகுதி தொகுதியாய் அமைந்திருப்பதையும், ஒவ்வொரு தொகுதியின் கால இடைவெளியும் ஒரு மனிதரின் ஆயுளுக்கு மிகாமலிருப்பதையும் கண்டார். அப்படியாயின் இவை பிறப்பும் முடிசூட்டும் அல்லவா? 1960-இல் வெளிவந்த அக்கட்டுரை, கற்களிலிருந்து மனிதர்களை மீட்டது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் யாஷ்சிலானின் அரசர்களையும் அவர் வரிசைப்படுத்தினார். அங்கியுடுத்த உருவங்களில் பலர் பெண்கள் என்பதையும் நிறுவினார்.

ஒலியை மீட்டவர் வேறொருவர். அவர் கதை மனத்தை இன்னும் வருத்துவது. 1562-இல் யூக்கத்தான் பகுதியின் மனி என்னுமூரில் தியேகோ தெ லாந்தா என்னும் பாதிரியார் மாயா நூல்களைத் தீயிலிட்டார். பின்னர் அவரே அம்மக்களின் எழுத்தைக் குறித்து வைக்க விரும்பி, அறிந்த ஒருவரிடம் ஸ்பானிய நெடுங்கணக்கை ஒவ்வொன்றாய்ச் சொல்லி எழுதச் சொன்னார். எழுதியவரோ எழுத்தின் பெயரிலுள்ள அசைகளை எழுதினார். ஒரு தொடர் எழுதெனக் கேட்டபோது அவர் எழுதியது, ‘எனக்கு விருப்பமில்லை’ என்பது! இக்குறிப்பைப் பிழையென்று ஒதுக்கினர் பலர். யூரி க்னோரொசொவ் என்னும் சோவியத் அறிஞர் 1952-இல், இவை எழுத்துகளல்ல, அசைக்குறிகள் என்று காட்டினார். வான்கோழியைக் குறிக்கும் ‘குத்ஸ்’ என்னும் சொல்லை ‘கு’, ‘த்ஸு’ என இரு குறிகளால் எழுதி, ஈற்றுயிரை விட்டுவிட்டுப் படிப்பர் என்றார். ஓலைச்சுவடி படித்தவர்க்கு இது வியப்பன்று. புள்ளியிடாத ஏட்டில் ‘கடல’ என்றிருப்பதைக் ‘கடல்’ என்று படிக்கும் பயிற்சி நமக்குப் பழக்கமானதே. இவ்வறிஞர் தலைமையில் இயங்கிய குழுவே, பின்னர் 1960-களில் சிந்துவெளி எழுத்தைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்து, அதன் மொழி திராவிடச் சார்புடையதென்னும் முடிவை முன்வைத்தது. தமிழருக்கு அவர்பால் கடப்பாடு உண்டு.

மாயரை நம் மயனோடு இணைத்துப் பேசும் வழக்கம் இலக்கிய மேடைகளில் உண்டு. பெயரொப்புமை ஒன்றைக்கொண்டு இரண்டு பெருங்கடல்களைத் தாண்டுவது ஆராய்ச்சியாகாது. நமக்குப் பெருமை தேடும் முயற்சியில், அவர்கள் தம் கையால் செய்ததை அவர்களிடமிருந்தே பறித்துவிடுகிறோம். பேரறிஞர்கள் மறுத்ததும் இதைத்தானே?

மாயர் ‘மறைந்து போனவர்கள்’ என்பதும் அத்தகையதே. யாஷ்சிலானில் நமக்குக் கிடைத்துள்ள இறுதிக் காலக்குறிப்பு 808-ஆம் ஆண்டினது, நகரம் கைவிடப்பட்டது, மக்கள் அழியவில்லை. மாயா மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல இலட்சம் பேர். என் படகுக்காரர் சோல் மொழி பேசுபவர். கல்வெட்டுகளின் மொழிக்கு நெருங்கிய உறவுடைய மொழி அது. திரும்பும் வழியில் ஆற்றைக் காட்டி, இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். தண்ணீரைக் கேட்கிறேன் என்று எண்ணினார் போலும். ‘ஹா’ என்றார். கல்வெட்டுகளிலும் தண்ணீருக்கு அச்சொல்லே.

ப்ரொஸ்கூரியாக்கோஃப் 1985-இல் மறைந்தார். அவருடைய சாம்பல் 1998-இல் பியெத்ராஸ் நேக்ராஸில் புதைக்கப்பட்டது. அங்கும் போக முடியுமா என்று வினவினேன். ஆறு கீழே செல்லச் செல்லச் சுழியும் பாறையுமாகும், அதற்கு வேறு படகும் வேறு நாளும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, எதிர்நீரோட்டத்தில் கொரொசாலை நோக்கிப் படகைச் செலுத்தினார்.