துறையும் உரிமையும்: கணினிக் கருவிற் செய்திப் போக்குவரத்து வளர்ந்த வரலாறு

பலர் கூடித் தொழில் செய்யும் இடத்தில் இரண்டு தேவைகள் ஒருங்கே எழும். ஒருவர் உடைமையில் மற்றொருவர் கைவையாதவாறு காப்பு வேண்டும். ஒருவர் கூறுவது மற்றவரைச் சென்றடைய வழியும் வேண்டும். காப்பை மிகுத்தால் வழி அடைபடும். வழியை மிகுத்தாற் காப்பு அழியும். மனிதர் வாழும் ஊர்களுக்கு மாத்திரமன்றி, அவர் ஆக்கிய கணினிக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினியினுள் இவ்விரு தேவைகளையும் பொருத்துதற்கு அறிஞர் கண்ட கருவிகளுள் ஒன்று ‘துறை’ எனப்படுவது. அது தோன்றி, வளர்ந்து, ஒருகாற் கைவிடப்பட்டு, பின்னர் வேறு வடிவில் மீண்ட வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சில சொற்களை விளக்குவோம். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல் ஒன்று ‘செயன்முறை’ எனப்படும். ஒரு கணினியில் ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான செயன்முறைகள் நடைபெறக்கூடும். ஒவ்வொன்றும் தனக்கென வகுக்கப்பட்ட நினைவகப் பகுதிக்குள் அடங்கி நிற்கும். பிறிதொன்றின் பகுதியைக் காணவோ மாற்றவோ அதற்கு இயலாது. இவ்வெல்லைகளைக் காப்பது பணிசெயல் முறைமையின் நடுவண் பகுதியாகிய ‘கரு’. எல்லை கடந்து ஒரு செயன்முறை மற்றொன்றோடு பேச வேண்டின், தன் செய்தியைக் கருவிடம் ஒப்படைத்தல் வேண்டும். அச்செய்தி வந்து தங்கி, பெறுவோன் எடுத்துச் செல்லும்வரை காத்திருக்கும் இடமே துறை. கலங்கள் வந்து தங்கும் இடத்தை நம் முன்னோர் துறை என்றனர். காங்கேசன்துறை, பருத்தித்துறை என்னும் ஊர்ப்பெயர்களை அறிந்த நமக்கு இச்சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

செய்தி அனுப்பும் முறைக்கு முன்னர், செயன்முறைகள் ஒரே நினைவகத்தைப் பொதுவிற் பயன்படுத்தும் முறையே பெரிதும் ஆராயப்பட்டது. ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965 ஆம் ஆண்டளவில் விளக்கிய ‘செமபோர்’ என்னும் அடையாளக்கருவி, ஒருவர் பயன்படுத்தும்போது மற்றவர் காத்திருக்குமாறு ஒழுங்குசெய்தது. அது சிறந்த கருவியேயாயினும், பொதுநினைவகத்தைத் தொடும் அனைவரும் ஒழுங்கை மதித்து நடப்பர் என்ற நம்பிக்கையிலேயே தங்கியிருந்தது. ஒருவர் தவறினும் அனைவர்க்கும் கேடு விளையும். ஒருவரையொருவர் நம்பாத செயன்முறைகளுக்கு வேறு வழி வேண்டியிருந்தது.

அவ்வழியைத் தெளிவுறக் காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த பேர் பிரிஞ்ச் ஹான்சன். கோபன்ஹேகனில் இயங்கிய ரெக்னசென்ட்ராலன் நிறுவனத்தின் ஆர்.சீ. 4000 என்னும் கணினிக்கென அவரும் அவர்தம் குழுவினரும் அமைத்த முறைமை 1969 இல் நிறைவெய்தியது. 1970 ஏப்ரலில் அவர் வெளியிட்ட கட்டுரை அதன் கருத்துக்களை உலகறியச் செய்தது. செய்தி அனுப்புதல், செய்திக்குக் காத்திருத்தல், மறுமொழி அனுப்புதல், மறுமொழிக்குக் காத்திருத்தல் என்னும் நான்கு தொழில்களே செயன்முறைகளின் உரையாடலுக்குப் போதியனவாயின. ஒவ்வொரு செய்தியும் 8 சொற்கள் கொள்ளும் சிறு பெட்டியில் அடங்கிற்று.

பிற்காலத்தார் அனைவரையும் வருத்திய மூன்று வினாக்களுக்கு அவ்வெளிய அமைப்பிலேயே விடை தேடப்பட்டமை வியப்புக்குரியது. அனுப்பியவர் யார் என்பதைக் கருவே பெறுவோனுக்கு அறிவித்தது; ஆதலின் ஒருவர் மற்றொருவர் பெயரிற் பொய்ச்செய்தி விடுத்தல் இயலாதாயிற்று. ஒரு செயன்முறை செய்திகளை அளவின்றி அனுப்பிப் பெட்டிகள் அனைத்தையும் தானே கவர்ந்துகொள்ளாதவாறு எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. பெறுவோன் இல்லாதொழிந்தவிடத்துக் கருவே ஒரு போலி மறுமொழியைத் திருப்பியனுப்பியது. ஆதலின் காத்திருந்தவன் என்றென்றும் காத்திருக்க நேரவில்லை. அடையாளம், அளவு, அழிவு என்னும் இம்மூன்றும் துறை மேலாண்மையின் மூலவினாக்கள் எனலாம்.

எனினும் ஆர்.சீ. 4000 இல் ஒரு குறை இருந்தது. அங்கே செய்தி, செயன்முறையின் பெயருக்கே அனுப்பப்பட்டது. ஒரு செயன்முறை பல பணிகளைச் செய்யுமாயின் அவற்றுக்குத் தனித்தனி வாயில்கள் இல்லை. ஒரு பணியை இன்னொரு செயன்முறையிடம் மாற்றிக் கொடுத்தாலோ, அதனை நாடி வந்தோர் அனைவரும் புதுப்பெயரை அறிதல் வேண்டும். ஆளையும் அவர் அமரும் இடத்தையும் வேறுபடுத்தினாலன்றி இத்துன்பம் தீராது. 1971 இல் அமெரிக்கரான றொபேட் பால்சர் ‘துறைகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட கட்டுரையும், கணினி வலையமைப்பை மனத்திற்கொண்டு 1972 இல் டேவிட் வால்டன் எழுதிய கட்டுரையும் இவ்வேறுபாட்டை வலியுறுத்தின. செய்தி இனி ஆளுக்கன்று, துறைக்கே செல்லும் என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெறத் தொடங்கியது.

1975 இல் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்திற் தொடங்கிய ‘றிக்’ என்னும் முறைமை இக்கொள்கையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. அதனை ஆக்கியோருள் ஒருவர் ரிச்சர்ட் ரஷீத். அம்முறைமையில் துறை ஒவ்வொன்றும் எண்ணாற் குறிக்கப்பட்டது. செயன்முறையின் எண்ணும் துறையின் எண்ணும் சேர்ந்து முழு முகவரியாயின. எண்ணை அறிந்தவர் எவரும் அத்துறைக்குச் செய்தி அனுப்பலாம். இதுவே அதன் எளிமை. இதுவே அதன் நலிவுமாகும். எண்ணை ஊகித்து அறிந்த செயன்முறைக்கும், உரிமையோடு வந்த செயன்முறைக்கும் கருவின் கண்ணில் வேறுபாடில்லை. ஒரு செயன்முறை அழிந்ததை அறிய விரும்புவோர் முன்னரே தம்மைப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டியிருந்தது. றிக் முறைமையின் குறைகளை ரஷீதே பின்னாளில் மறைக்காது எடுத்துரைத்தார். தம் ஆக்கத்தின் குறையைத் தாமே ஆராய்ந்து கூறும் அந்நேர்மையே அடுத்த முன்னேற்றத்துக்கு வழிவகுத்தது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ரஷீத், ஜோர்ஜ் றொபேட்சனுடன் கூடி ‘அக்சென்ட்’ என்னும் கருவை ஆக்கி, 1981 இல் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். இங்கேதான் தலையாய மாற்றம் நிகழ்ந்தது. துறையின் பெயரை அறிதல் வேறு. அதனைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுதல் வேறு என்று வகுக்கப்பட்டது. உரிமையைக் கருவே தன் காவலில் வைத்திருந்தது. ஒரு செயன்முறையின் கையில் இருப்பது உரிமையன்று. உரிமையைச் சுட்டும் ஓர் எண் மாத்திரமே. அவ்வெண்ணும் அச்செயன்முறைக்குள்ளேயே பொருளுடையது. பிறரிடம் அதனைக் கூறினாற் பயனில்லை. உரிமையைப் பிறருக்கு வழங்க விரும்பின், அதனைச் செய்தியினுள் வைத்துக் கரு வாயிலாக அனுப்புதல் வேண்டும்.

அக்சென்ட் ‘பேர்க்’ என்னும் ஒருவகைக் கணினியையே சார்ந்திருந்தது; யுனிக்ஸ் செய்நிரல்களும் அதன்மேல் எளிதில் ஓடவில்லை. இவ்விரு குறைகளையும் நீக்கும் நோக்குடன் அப்பல்கலைக்கழகத்திலேயே 1980களின் நடுப்பகுதியில் ‘மாக்’ என்னும் கரு உருவாயிற்று. அதன் ஆக்கத்தில் அவீ தெவேனியன் என்னும் மாணவர் பெரும்பங்கு கொண்டார். துறையை மேலாளும் முறை மாக்கில் முழுவளர்ச்சி பெற்றது. ஒரு துறைக்குப் பெறும் உரிமை ஒன்றே உண்டு. அதனை ஒரு வேளையில் ஒரு செயன்முறை மாத்திரமே வைத்திருக்கும். அனுப்பும் உரிமையோ பலரிடம் இருக்கலாம். மறுமொழிக்கென ‘ஒருமுறை அனுப்பும் உரிமை’ என மூன்றாவதொன்றும் பின்னர் வகுக்கப்பட்டது. அவ்வுரிமையை உடையவர் அதனைப் பயன்படுத்தாது அழியினும், கருவே அதனை அறிவித்துச் செய்தி விடுக்கும். ஆகவே ஒரு வினாவுக்கு ஒரு மறுமொழியாயினும், மறுமொழி வாராது என்னும் அறிவிப்பாயினும் தவறாது வந்துசேரும்.

அளவும் அழிவும் இங்கே மேலும் நுட்பமாக ஆளப்பட்டன. ஒரு துறையின் வரிசையில் இயல்பாக 5 செய்திகளே தங்கலாம்; வரிசை நிறைந்தால் அனுப்புவோன் காத்திருத்தல் வேண்டும். பெறும் உரிமை அழிந்தால் துறையும் அழியும். அனுப்பும் உரிமை வைத்திருந்தோர் கையிலுள்ளவை ‘இறந்த பெயர்கள்’ ஆகும். மறுபுறம், அனுப்புவோர் அனைவரும் நீங்கிவிட்டால் அதனையும் கரு பெறுவோனுக்கு அறிவிக்கும். அவன் அத்துறைக்கென ஒதுக்கிய பொருள்களை விடுவித்துக்கொள்வான். ஒரு துறையின் பெறும் உரிமையையே அத்துறைக்கு அனுப்பும் செய்தியினுள் வைத்தால், பூட்டிய பெட்டிக்குள் அதன் திறவுகோலையே இட்டது போலாகும். அத்தகைய வட்டங்களையும் கரு கண்டறிந்து விலக்குகிறது.

மாக் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. தெவேனியன் நெக்ஸ்ட் நிறுவனத்திற் சேர்ந்தார். 1988 இல் அறிமுகமான நெக்ஸ்ட் கணினியின் முறைமை மாக்கின் மேல் எழுந்தது. 1996 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் நெக்ஸ்டை வாங்குவதாக அறிவித்தது. 2001 இல் வெளிவந்த மாக் ஓ.எஸ். எக்ஸ், 2007 இல் வெளிவந்த ஐபோன் ஆகியவற்றின் கருவினுள்ளும் மாக்கின் துறைகள் இடம்பெற்றன. பல்கலைக்கழக ஆய்வொன்று கோடிக்கணக்கான மக்களின் கைக்கருவியிற் குடிபுகுந்த கதை இது.

ஆயினும் காப்புக்கு விலை உண்டு. ஒவ்வொரு செய்தியிலும் உரிமையைச் சோதித்தல், பெயரை மாற்றுதல், வரிசையில் இடுதல் ஆகிய அனைத்தும் காலத்தை உண்டன. கருவை மிகச் சிறிதாக்கி, ஏனைய பணிகளை வெளியிலுள்ள செயன்முறைகளிடம் ஒப்படைக்க முயன்றபோது இச்செலவு பன்மடங்காயிற்று. செருமானிய அறிஞர் யொகன் லீட்கே 1993 இல் இதனை அளந்து காட்டினார். 50 மெகாஹேர்ட்ஸ் வேகமுடைய 486 கணினியிற் சிறு செய்தியொன்றை அனுப்ப மாக் ஏறக்குறைய 115 மைக்குரோசெக்கன் எடுத்தது. அவருடைய எல்-3 என்னும் கரு ஏறக்குறைய 5 மைக்குரோசெக்கனில் அதனை முடித்தது. அதனையடுத்து அவர் ஆக்கிய எல்-4 என்னும் கருவிலும் துறைகள் இல்லை. செய்தி நேரே பெறுவோனின் எண்ணுக்குச் சென்றது. அனுப்புவோனும் பெறுவோனும் ஒரே வேளையில் ஆயத்தமாக இருந்தாலன்றிப் பரிமாற்றம் நிகழாது. ஆதலின் தேக்கிவைக்கும் வரிசையும் வேண்டியதில்லை.

வேகம் கிடைத்தது, பழைய வினாவும் உடன் வந்தது. எண்ணை அறிந்தவர் செய்தி அனுப்பலாம் எனின், வேண்டாதவரைத் தடுப்பது எங்ஙனம்? றிக் முறைமையை வருத்திய அதே வினா அன்றோ இது! இதனைத் தடுக்க லீட்கே வகுத்த ‘குலங்களும் தலைவரும்’ என்னும் ஏற்பாடு, குலத்தின் எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு செய்தியையும் அக்குலத் தலைவன் வாயிலாகச் செலுத்தியது, அது பெருஞ்சுமையாயிற்று. எல்-4 மரபில் வந்த பிற்காலத்தார் மீண்டும் உரிமையையும் வாயிலையும் நாடினர். அவுஸ்திரேலியாவில் ஆக்கப்பட்டு, ஏறக்குறைய 8,700 வரிகளைக் கொண்ட தன் செய்நிரல் பிழையற்றதெனக் கணிதமுறையில் 2009 இல் நிறுவப்பட்ட செல்-4 என்னும் கருவில், உரிமை பெற்றவரே உரிய வாயிலுக்குச் செய்தி அனுப்பலாம். செய்தியைத் தேக்கிவைக்காத லீட்கேயின் சிக்கனமும், உரிமையைக் கருவின் காவலில் வைத்த அக்சென்ட்டின் கொள்கையும் அங்கே ஒன்றுகூடின.

உரிமையைக் கரு காப்பினும், அக்காவற் கணக்கிற் சிறு பிழை நேர்ந்தால் என்னாகும் என்பதை 2016 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று உணர்த்தியது. ஆப்பிளின் கருவில், ஒரு துறைப்பெயரை ஒரு செயன்முறை எத்தனை முறை பெற்றுள்ளது என்னும் கணக்கு 65,000க்குச் சற்று மேற்பட்ட ஓர் எல்லைக்கு அப்பாற் செல்லாது. எல்லையை எட்டியபின் கூட்டுதல் நின்றது, கழித்தலோ தொடர்ந்தது. ஆகவே பெயர் பயன்பாட்டில் இருக்கும்போதே கணக்குச் சூனியமாகி, அப்பெயர் விடுவிக்கப்படலாம். தீயோன் தன் துறையை அதே பெயரிற் புகுத்தலாம். நம்பிக்கைக்குரிய பணிக்கென அனுப்பிய செய்தி அவன் கையிற் சேரும். கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர் இயன் பியர் இப்பிழையைக் கண்டு தெரிவித்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. பெயர் மாறவில்லை, அதன் பின்னிருந்த பொருளே மாறியது. பெயரையே பொருளென நம்பியவன் ஏமாந்தான்.

இவ்வரலாற்றினின்று நாம் உணர்வது யாது? பெயரை அறிதல் உரிமை பெறுதலாகாது என்னும் உண்மையை அறிஞர் ஒரே நாளிற் கண்டாரல்லர். றிக் அதனை மறந்து இடர்ப்பட்டது. அக்சென்ட் அதனைக் கண்டது. மாக் அதனை விரித்தது. எல்-4 வேகத்தின்பொருட்டு அதனை ஒதுக்கியது. பின்வந்தோர் மீண்டும் அதனிடமே வந்து சேர்ந்தனர். இப்பயணத்தில் எவர் உழைப்பும் வீண்போகவில்லை. லீட்கே துறையை ஒதுக்கியிராவிடின், காப்பைக் குறைந்த விலையில் அமைக்கலாம் என்பதைப் பிற்காலத்தார் அறிந்திரார். கணினிப் பாடத்தைப் பயிலும் மாணவர், இன்று நிலவும் முறையை மாத்திரம் மனனஞ் செய்யாது, அஃது எவ்வின்னலைத் தீர்க்க எழுந்தது என்பதையும் வினவுவாராக. வினாவை அறிந்தவனுக்கே விடையின் அருமை விளங்கும்.