டிரஸ்ட் ஆவணங்களில் வழக்குத் தடை ஷரத்து: கலிஃபோர்னியா சட்டம்

“இந்த டிரஸ்ட் செல்லாது என்று நீதிமன்றத்துக்குப் போகும் பயனாளிக்கு இதில் பங்கு கிடையாது” என்று டிரஸ்ட் ஆவணத்திலோ உயிலிலோ எழுதிவைக்கும் நிபந்தனையே வழக்குத் தடை ஷரத்து. அமெரிக்காவில் சொத்துள்ள குடும்பங்கள் பலவும் உயிலோடு நிறுத்திக்கொள்வதில்லை. உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் முதலீடுகளையும் ஒரு குடும்ப டிரஸ்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஏற்படுத்தியவர் காலமானபின், புரோபேட் என்னும் நீதிமன்ற நடைமுறைக்குப் போகாமலே டிரஸ்டி சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்க இது வழி செய்கிறது. பிள்ளைகள் வழக்குப் போட்டால் அந்த வசதி போய்விடும் என்பதால் இந்த ஷரத்தைச் சேர்க்கிறார்கள்.

இது எந்த அளவுக்குச் செல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவில் உயிலில் எழுதினாலும் டிரஸ்டில் எழுதினாலும் செல்லாது. டெக்சஸில், நியாயமான காரணத்தோடும் நல்லெண்ணத்தோடும் வழக்காடியதாகப் பயனாளி நிரூபித்தால் அவர் பங்கு தப்பும். கலிஃபோர்னியா ஷரத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு இறுக்கமான எல்லை வகுத்திருக்கிறது.

ஷரத்தின் பலமெல்லாம் வழக்காடுகிறவருக்கு இழக்க ஏதாவது இருப்பதில்தான் உள்ளது. மகனுக்கு ஒன்றுமே எழுதாமல் விட்டால், வழக்கில் தோற்றாலும் அவருக்குப் பங்கில் நஷ்டமில்லை. ஐந்து லட்சம் டாலர் எதிர்பார்த்திருந்தவருக்கு ஒன்றரை லட்சம் எழுதியிருந்தால், கையில் வருவதையும் பணயம் வைப்பதா என்று யோசிப்பார்.

2010க்கு முன்னும் பின்னும்

பழைய சட்டத்தில், தான் போடவிருக்கும் மனு ஷரத்தை மீறுமா என்று பயனாளி முன்கூட்டியே நீதிமன்றத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடுதான் என்றாலும், அசல் வழக்கு தொடங்கும் முன்பே அந்த முன்மனுவுக்காக வாதமும் மேல்முறையீடும் நடந்தன. 2010 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்த புதிய சட்டம் அந்த வழியை நீக்கியது. புரோபேட் சட்டத்தொகுப்பின் 21310 முதல் 21315 வரையுள்ள இப்பிரிவுகள், 2001 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ மாற்ற முடியாததாகிவிட்ட ஆவணங்களுக்குப் பொருந்தும்.

இப்போது மூன்று சூழல்களில் மட்டுமே ஷரத்தை அமல்படுத்த முடியும். முதலாவது, நியாயமான முகாந்திரம் இல்லாமல் ஆவணத்தையே நேரடியாக எதிர்ப்பது. கள்ளக் கையெழுத்து, மனநிலைத் தகுதியின்மை, மோசடி, மிரட்டல், தகாச் செல்வாக்கு போன்ற காரணங்களைச் சொல்லி ஆவணம் செல்லாது என்று வாதிடுவது இதில் அடங்கும். மற்ற இரண்டு: “அந்த வீடு அப்பாவுடையதே அல்ல” என்று சொத்துரிமையை எதிர்ப்பதும், “அவர் என்னிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும்” என்று கடன் கொடுத்தவராக மனுச் செய்வதும். இவை ஷரத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருந்தால்தான் பங்கு பறிபோகும். அப்படிக் குறிப்பிட்டிருந்தால் முகாந்திரம் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. இந்த எல்லையைத் தாண்டி ஆவணத்தில் எவ்வளவு கடுமையாக எழுதியிருந்தாலும் பயனில்லை. டிரஸ்டியிடம் கணக்குக் கேட்பதும், கடமை தவறிய டிரஸ்டியை நீக்கக் கோருவதும் நேரடி எதிர்ப்பு ஆகா.

முகாந்திரம் என்ற சோதனை

சட்டத்தின் உயிர்நாடி இதுதான். மனுச் செய்த நாளில் பயனாளிக்குத் தெரிந்திருந்த உண்மைகளைப் பார்த்தால், மேலும் விசாரித்தபின் தான் கேட்பது கிடைக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று விவேகமுள்ள ஒருவர் நம்புவாரா? நம்புவார் என்றால், வழக்கில் தோற்றாலும் பங்கு போகாது.

மறதிநோயில் இருந்த தாய், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு திருத்தத்தில் கையெழுத்திட்டு, உடனிருந்த ஒரு பிள்ளைக்கே பெரும்பகுதியைக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவப் பதிவுகளைப் பார்த்துவிட்டு வழக்குப் போடும் மகளின் நிலை பலமானது. வெறும் மனத்தாங்கலோடு போட்டுவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடுகிறவருக்கு, பின்னால் கிடைத்த ஆதாரம் இந்தச் சோதனையில் உதவாது. தாயின் விருப்பத்துக்கு மதிப்பளிக்கவும் வேண்டும், அது அவர் விருப்பம்தானா என்று கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்கவும் கூடாது. இரண்டையும் காக்கும் சட்டம் என்பதால், ஃபுளோரிடாவின் முழு மறுப்பைவிட இது மேலானது.

அமலாக்கம்

ஷரத்து தானாக வேலை செய்யாது. டிரஸ்டியோ வேறொரு பயனாளியோ மாவட்ட அளவிலுள்ள சுப்பீரியர் கோர்ட்டின் புரோபேட் பிரிவில் மனுச் செய்து உத்தரவு பெற வேண்டும். சட்டத்தின் கட்டளைப்படி நீதிமன்றம் ஷரத்தின் சொற்களுக்குக் குறுகிய பொருளே கொள்ளும்.

இந்தக் கண்டிப்பு 2017ல் வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பில் தெளிவாகத் தெரிந்தது. மூல டிரஸ்டில் ஷரத்து இருந்தது. பின்னால் வந்த திருத்தத்தில் அது திரும்ப எழுதப்படவில்லை, மேற்கோளாகக்கூட இல்லை. அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்மீது ஷரத்தைப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2019ல் வந்த இன்னொரு தீர்ப்பு ஷரத்தை எதிர்த்திசையில் திருப்பியது. மூன்று மகள்களில் ஒருவர், தாய்மீது தகாச் செல்வாக்கு செலுத்தி ஒரு சகோதரியின் பங்கை வெட்டும் திருத்தத்தைப் பெற்றார் என்றும் அது செல்லாது என்றும் முன்பே முடிவாகியிருந்தது. அந்தத் திருத்தத்தைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் வாதாடியதே மூல டிரஸ்டின் ஷரத்தை மீறிய செயலாகலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்று, பாதிக்கப்பட்ட சகோதரியின் மனு தொடர அனுமதித்தது. பெற்றோரின் மூல ஏற்பாட்டைக் கலைத்தவரே ஷரத்தின் நிழலில் ஒதுங்க முடியாது என்ற இந்த நிலைப்பாடு சரியானது.

வழக்குப் போடுவதற்குக் காலக்கெடுவும் உண்டு. ஏற்படுத்தியவர் இறந்து டிரஸ்ட் மாற்ற முடியாததானதும், டிரஸ்டி 60 நாளுக்குள் வாரிசுகளுக்கும் பயனாளிகளுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 120 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் காலத்துக்குள் டிரஸ்ட் விதிகளின் நகல் வந்திருந்தால், அது வந்ததிலிருந்து 60 நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை அவகாசம் உண்டு. முகாந்திரத்துக்கான ஆதாரங்களைத் திரட்டப் பயனாளிக்கு இருப்பது இவ்வளவு காலமே. எனவே அறிவிப்பு வந்ததுமே டிரஸ்ட் விதிகளின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்கி, வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும்.