ஊர்க் காசில் சிசிடிவி... மொய் நோட்டு மாதிரி கணக்கு இருக்கா?

"நம்ம தெருவுல ரெண்டு வாரத்துல ரெண்டு பைக் காணாமப் போச்சு. முக்குல ஒரு கேமரா வைப்போம். ஆளுக்கு 500 ரூபா. ஸ்டேஷன்லயும் சொல்லியாச்சு. ஜிபே நம்பர் கீழே..."

இப்படி ஒரு மெசேஜ் உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். சிலர் உடனே பணம் அனுப்புவார்கள். சிலர் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். சிலர், "போலீஸுக்கு நாம ஏன் காசு கொடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு குரூப்பை விட்டே வெளியேறுவார்கள். மூன்று தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொடுத்த காசுக்கு யார் கணக்குச் சொல்வது?

இதற்கு நல்ல பதில் சொல்லக்கூடிய ஊர் கீரமங்கலம். புதுக்கோட்டை மாவட்டத்தில், பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன இந்தப் பேரூராட்சிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. மொய் விருந்து!

நோட்டில் இருக்கிற நம்பிக்கை

ஆடி, ஆவணி வந்தால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் பந்தல்கள் எழும். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் செய்வார்கள். பெயர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். சில வருடங்கள் கழித்து எதிர்த்தரப்பு விருந்து வைக்கும்போது, வாங்கியதோடு கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். கிணறு வெட்டியது, கடை வைத்தது, கல்யாணம் முடித்தது என இந்தப் பணத்தில் நடந்த காரியங்கள் ஏராளம்.

இதற்கு வங்கியும் இல்லை, வட்டியும் இல்லை. எல்லாம் அந்த நோட்டில்தான் நிற்கிறது. அதில் இரண்டு விதிகள். ஒன்று, கொடுத்தது எழுதப்படும். இரண்டு, வாங்கியவர் திருப்பிச் செய்யக் கடமைப்பட்டவர். காவல்துறைக்காக ஊர் திரட்டும் பணத்துக்கும் இந்த இரண்டு விதிகள் போதும். அவை இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரத்திலேயே உதாரணங்கள் உண்டு.

பாடிகாவல்: காசு கொடுத்து வாங்கிய காவல்

ஊர்ப் பாதுகாப்புக்கு ஊரே செலவு செய்வது நேற்று வந்த யோசனை இல்லை. புதுக்கோட்டை வட்டாரக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் வருகிறது. ஊரைக் காக்கும் உரிமைக்கும், அதற்காக ஊரார் தரும் வருவாய்க்கும் அதுதான் பெயர். பிற்காலச் சோழர், பாண்டியர் ஆட்சி தளர்ந்த காலத்தில், ஊரார் கூடி இந்த உரிமையை வலுவான தலைவர்களிடம் விற்றிருக்கிறார்கள். நெல்லும் நிலமும் கொடுத்து, "எங்களைக் காப்பாற்று" என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அது.

பிறகு நடந்ததுதான் பாடம். காவலுக்கு வந்தவர்களில் பலர் காலப்போக்கில் அந்தப் பகுதிகளின் அரையர்களாக, அதிகாரம் செலுத்துபவர்களாக ஆனார்கள். காவல் காக்கிறவரைக் கேள்வி கேட்கும் வழியை ஊர் கையில் வைத்துக்கொள்ளாவிட்டால், காவல் அதிகாரமாக மாறிவிடும்.

நண்பர்கள் வந்தார்கள், போனார்கள்

நம் காலத்துக்கு வருவோம். 1993-ல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி.ஃபிலிப், 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். சாதாரண மக்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்து ரோந்து, போக்குவரத்து, தகவல் தருவது போன்ற வேலைகளில் போலீஸுக்கு உதவலாம். திட்டம் தமிழகம் முழுக்கப் பரவியது. போலீஸைக் கண்டால் ஒதுங்கிப் போன பலர், ஸ்டேஷன் வாசல் ஏறியது இதன் மூலம்தான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வியாபாரி ஜெயராஜும், அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். அந்த விவகாரத்தில் தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்புத் தரப்பு அதை மறுத்தது. ஆனாலும், ஜூலை மாதமே தமிழக அரசு அமைப்புக்குத் தடை விதித்தது. ஏறத்தாழ 27 வருட உறவு சில வாரங்களில் முடிந்துபோனது. 'போலீஸின் நண்பர்' என்ற அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது, அவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதில் தெளிவு இல்லையென்றால் நல்ல எண்ணமும் கவிழும்.

மூன்றாவது கண்ணுக்கு யார் காவல்?

சென்னையில் ஏ.கே.விசுவநாதன் போலீஸ் கமிஷனராக இருந்தபோது (2017-2020) 'மூன்றாவது கண்' என்ற பெயரில் நகரமெங்கும் சிசிடிவி கேமராக்கள் வந்தன. அதில் பெரும் பங்கு வியாபாரிகள், குடியிருப்போர் சங்கங்கள், தனியார் நிறுவனங்கள் தந்தது. அதைப் பார்த்து மாவட்டங்களிலும் கடைவீதிச் சங்கங்களும் இளைஞர்களும் வசூல் செய்து கேமரா வைக்க ஆரம்பித்தார்கள்.

கேமரா பயன் தருமா? தரும், ஓரளவுக்கு. பல நாடுகளில் 40 வருடங்களாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, கேமரா வைத்த இடங்களில் குற்றங்கள் சுமார் 13 சதவிகிதம் குறைந்ததாகச் சொல்கிறது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் அதிகம். ஒருவர் உட்கார்ந்து கவனிக்கும் கேமராவுக்குப் பலன் இன்னும் அதிகம். மாட்டிவிட்டு மறந்துபோன கேமரா, கம்பத்தில் தொங்கும் திருஷ்டிப் பொம்மைதான்!

சாத்தான்குளத்துக்கே திரும்புவோம். அந்த ஸ்டேஷனுக்குள்ளும் கேமரா இருந்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் ஒரு விவரம் இருந்தது. பதிவுகளைச் சேமிக்க 1 டிபி ஹார்டு டிஸ்க் இருந்தும், தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. கேட்ட நாளின் பதிவு கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. தெருவைப் பார்க்கும் கேமராவுக்கு நீங்கள் காசு தரும்போது, ஸ்டேஷனுக்குள் பார்க்கும் கேமரா ஓடுகிறதா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பணம் ஓரிடம், விசாரணை ஓரிடம்

வெளிநாடுகளில் இந்தச் சிக்கலை ஒரு வழியில் சமாளிக்கிறார்கள். 1976-ல் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் ஒரு கொலை வழக்கு துப்பில்லாமல் நின்றது. கிரெக் மெக்அலீஸ் என்ற துப்பறியும் அதிகாரி, சம்பவத்தை நடித்துக்காட்டி டிவியில் ஒளிபரப்பி, பெயர் சொல்லாமல் தகவல் தருபவருக்குச் சன்மானம் அறிவித்தார். துப்புக் கிடைத்தது. அப்படிப் பிறந்ததுதான் 'க்ரைம் ஸ்டாப்பர்ஸ்'.

இங்கே கவனிக்க வேண்டியது அமைப்பின் கட்டுமானம். சன்மானப் பணத்தைத் திரட்டுவதும் வைத்திருப்பதும் பொதுமக்கள் குழு. விசாரிப்பது போலீஸ். தகவல் தந்தவருக்குப் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும்தான். பிரிட்டனில் 1988 முதல் இயங்கும் 'க்ரைம்ஸ்டாப்பர்ஸ்' போலீஸிலிருந்து தனித்து நிற்கும் ஓர் அறக்கட்டளை. கல்லாவும் லத்தியும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதே அங்குள்ள ஏற்பாடு.

வசூல் தொடங்கும் முன்...

உங்கள் தெருவிலோ ஊரிலோ இப்படி ஒரு முயற்சி எடுக்கப்போகிறீர்களா? இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தனிநபர் ஜிபே வேண்டாம். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கம் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. ஏற்கெனவே பதிவான வர்த்தகர் சங்கம் இருந்தால் அதன் வழியாகவே செய்யலாம்.

2. ஸ்டேஷனில் ரொக்கம் கொடுக்காதீர்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் முன் அனுமதியில்லாமல் நன்கொடை வசூலிக்க நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. பணமாகத் தராமல் பொருளாக வாங்கி, எழுத்துபூர்வமாக ஒப்படைத்து, ஒப்புகை வாங்குங்கள். "போலீஸ் சொல்லித்தான் வசூல் பண்றோம்" என்று எந்தக் கடையிலும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி நன்கொடையை மாமூலாக்கிவிடும்.

3. சிங்கப்பூர், துபாய்ப் பணத்தில் கவனம். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கல் இல்லை. ஆனால், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் தருவது, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன்படி வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற சங்கத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

4. பேரூராட்சியைக் கேளுங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். உங்கள் பணி அதில் வருமா என்று பேரூராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். பல நேரங்களில் கேமராவைவிட அவசரத் தேவை, எரியாத தெருவிளக்குதான்.

5. ஹார்டு டிஸ்க் கணக்கைப் போடுங்கள். 2 மெகாபிக்சல் கேமரா, நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நாளுக்குச் சுமார் 21 ஜிபி ஆகும். எட்டு கேமரா என்றால் 1 டிபி ஆறு நாளில் நிரம்பிவிடும். 15 நாள் பதிவு வேண்டுமென்றால் 3 டிபியாவது தேவை. வாங்கும் செலவோடு கரன்ட், இணையம், பழுது என்று வருடாந்தரச் செலவையும் இப்போதே ஒதுக்குங்கள். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் காசு, இரண்டாம் வருடம் அடாப்டர் மாற்றக் கிடைக்காது.

6. கேமரா தெருவைப் பார்க்கட்டும், வீட்டை அல்ல. 2017-ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் வாசலும் ஜன்னலும் சட்டகத்துக்குள் வரக் கூடாது. பதிவை யார் பார்க்கலாம் என்று எழுதிவையுங்கள். பெண் பிள்ளைகள் யாரோடு பேசுகிறார்கள் என்று வேவு பார்க்கும் கருவியாக அது ஆகிவிட்டால், பாதுகாப்புக்காக வைத்ததே ஆபத்தாகிவிடும்.

7. சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவு நீதிமன்றம் போகும்போது சான்றிதழும் போக வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் அதில் கையெழுத்திட வேண்டும். அவர் யார் என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.

திருப்பிச் செய்வது என்ன?

மொய் வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? ஊர்ப் பணத்தில் கேமரா வாங்கிய பிறகு காவல் நிலையம் திருப்பிச் செய்ய வேண்டியதும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம். எத்தனை கேமரா ஓடுகிறது, எத்தனை வழக்கில் உதவியது, புகார் கொடுத்தவருக்கு ரசீது கிடைத்ததா, பைக் திரும்பியதா? இதைச் சொன்னால் போதும். சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. ஒரு மனுவுக்கு 10 ரூபாய்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். நன்கொடை கொடுத்தவர், கொடுக்காதவர் என்று புகாரில் பாகுபாடு கூடாது. 500 ரூபாய் கொடுத்த கடைக்காரருக்கும், கொடுக்க முடியாத பூக்கட்டும் அம்மாவுக்கும் ஸ்டேஷனில் ஒரே நாற்காலிதான் கிடைக்க வேண்டும். அந்த அம்மாவின் பங்கு, வரியாக ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த முறை குரூப்பில் அந்த மெசேஜ் வந்தால், குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை டைப் செய்யுங்கள்: "நோட்டு யாரு எழுதுறா?"