டிண்டேல்: ஒரு குடும்பப் பெயரின் வரலாறு

ஆங்கில வேதாகமத்தின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் டிண்டேலை அறியாத இறையியல் மாணவர் இலர். ஆயினும் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் 1512ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டமும் 1515ஆம் ஆண்டு முதுகலைப் பட்டமும் பெற்றோர் வரிசையில் அப்பெயரைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். அங்கே அவர் ஹிச்சின்ஸ் என்னும் பெயராலேயே குறிக்கப்பட்டுள்ளார். ஒரே மனிதருக்கு இரு குடும்பப் பெயர்கள் அமைந்தது எவ்வாறு? அவற்றை அவர் எவ்வாறு கையாண்டார்? இவ்வினாக்களை ஆராய்வது, திருவசனத்தை மொழிபெயர்ப்போரின் பொறுப்பு யாது என்பதை உணரவும் நமக்குத் துணைபுரியும்.

1. பெயரின் பிறப்பு

கி.பி. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னரே பரம்பரைக் குடும்பப் பெயர்கள் அந்நாட்டில் மெல்ல வேரூன்றின. முதலில் நிலக்கிழார்களும், பின்னர் பொதுமக்களும் அவற்றை ஏற்றனர். ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயருள் மிகப் பலர் தலைமுறைதோறும் தொடரும் பெயரைப் பெற்றிருந்தனர். அப்பெயர்கள் ஊர், தொழில், தந்தையின் பெயர், பட்டப்பெயர் என்னும் நான்கு மூலங்களினின்று தோன்றியவை.

டிண்டேல் என்பது இடப்பெயர். இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் டைன் என்னும் ஆறு ஓடுகிறது. ‘டேல்’ என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். எனவே ‘டைன் பள்ளத்தாக்கினர்’ என்பதே இப்பெயரின் பொருள். இங்கு ஒன்றைக் கருதவேண்டும். ஓர் ஊரில் வாழும் அனைவரையும் அவ்வூர்ப் பெயரால் அழைப்பதில் பயனில்லை. ஊரை விட்டு வேற்றூருக்குக் குடிபெயர்ந்தவனையே மக்கள் அவன் சொந்த ஊரால் அழைப்பர். ஆகவே இத்தகைய பெயர்களுட் பல, புலம்பெயர்ந்தோர் பெயர்களே.

ஹிச்சின்ஸ் என்பதோ தந்தைவழிப் பெயர். ரிச்சர்டு என்னும் ஆட்பெயர் செல்லமாகக் குறுகி வழங்கிய வடிவத்தினின்று அது பிறந்தது.

2. இரு பெயர் பூண்ட குடும்பம்

வில்லியமின் குடும்பத்தார் இங்கிலாந்தின் மேற்கிலுள்ள குளொஸ்டர்ஷயரில் வாழ்ந்தனர். ‘ரோசாப்பூப் போர்கள்’ எனப்படும் உள்நாட்டுப் போர்களின் காலத்தில் (1455–1485) முன்னோர் ஒருவர் வடநாட்டினின்று வந்து, தம்மை மறைத்துக்கொள்ள ஹிச்சின்ஸ் என்னும் பெயரைப் பூண்டார் என்பது குடும்ப மரபு. 17ஆம் நூற்றாண்டில் அக்குலத்தார் ஒருவர் எழுதிய மடலில் இச்செய்தி காணப்படுகிறது. மரபுச் செய்தியை உறுதியான சான்றாகக் கொள்ளலாகாது. எனினும் அக்குடும்பம் இரு பெயர்களையும் வழங்கியது உண்மை.

பெயர் உறவைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. 1533இல் லண்டன் பேராயர் ஸ்டோக்ஸ்லி தாம் எழுதிய மடலொன்றில், குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வர்டு டிண்டேல் என்பாரை, பெரும் முரண்சமயியான டிண்டேலின் சகோதரர் எனச் சுட்டுகிறார். பகைவரின் இச்சொல்லே வில்லியமின் பிறப்பிடத்தை அறிய வரலாற்றாசிரியருக்குச் சிறந்த சான்றாயிற்று.

3. மறைத்த பெயரும் வெளியிட்ட பெயரும்

1524இல் டிண்டேல் தாயகத்தை விட்டு ஜெர்மனி சேர்ந்தார். அவ்வாண்டு மே 27ஆம் நாள் விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பதிவேட்டில் ‘இங்கிலாந்தினரான வில்லியம் டால்டிசி’ என ஒரு பெயர் உள்ளது. டிண்டேல் என்பதன் அசைகளை முன்பின்னாக மாற்றி அமைத்ததே இது என்று அறிஞர் சிலர் கருதுவர்.

1526இல் வொர்ம்ஸ் நகரில் அச்சேறிய அவருடைய புதிய ஏற்பாடு பெயரின்றியே வெளிவந்தது. அதன் முகப்புத்தாளுடன் கூடிய ஒரே படி 1996இல் ஸ்டூட்கார்ட் நூலகத்தில் இனங்காணப்பட்டது. அத்தாளிலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லை. 1528இல் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் இதற்கு அவரே காரணம் கூறுகிறார். நற்செயலை மறைவில் செய்யும்படி ஆண்டவர் கற்பித்தபடியே அன்று பெயரை விடுத்தாராம். ஆனால் முன்னாள் உதவியாளர் ராய் என்பவரின் செய்கைகளோடு தம் பணியைப் பிறர் குழப்பலாகாது என்பதற்காக இப்போது பெயரிட்டார். ‘ஹிச்சின்ஸ் எனவும் அழைக்கப்படும் வில்லியம் டிண்டேல்’ என இரு பெயர்களையும் அங்கே ஒளிவின்றி அறிவிக்கிறார்.

1534இல் வேறொரு சோதனை வந்தது. ஜார்ஜ் ஜாய் என்பார் டிண்டேலின் புதிய ஏற்பாட்டை அவரைக் கேளாமலே திருத்தி அச்சிட்டார். ‘உயிர்த்தெழுதல்’ என்ற சொல்லைப் பல இடங்களில் நீக்கி, ‘இம்மைக்குப் பின்வரும் வாழ்வு’ என்னும் பொருளில் மாற்றினார். அவ்வாண்டே தம் திருத்திய பதிப்பைப் பெயரிட்டு வெளியிட்ட டிண்டேல், விரும்புவோர் எவரும் மொழிபெயர்க்கலாம், ஆனால் அதற்குத் தம் சொந்தப் பெயரை இடவேண்டும் என வாதிட்டார். புகழைத் தேடாதவர், பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. திருவசனத்தின் ஒரு சொல்லுக்குக் கணக்கொப்புவிக்க ஒருவர் இருக்கவேண்டும் என்பதே அவர் கருத்து.

4. எஞ்சிய இரண்டு எழுத்துகள்

1535இல் காட்டிக்கொடுக்கப்பட்ட டிண்டேல், 1536 அக்டோபரில் வில்வோர்டில் கொல்லப்பட்டார். மறு ஆண்டே அவர் நண்பர் ஜான் ராஜர்ஸ் ஒரு முழு ஆங்கில வேதாகமத்தை வெளியிட்டார். தண்டனை பெற்றவரின் பெயரோடு அந்நூல் அரச அனுமதி பெற்றிருக்காது. ஆகவே முகப்பில் தாமஸ் மத்தேயு என்னும் புனைபெயர் நின்றது. ஆயினும் மல்கியா நூலின் இறுதியில் வில்லியம், டிண்டேல் என்பவற்றின் முதலெழுத்துகள் இரண்டும் பெரிய அலங்கார வடிவில் பொறிக்கப்பட்டன. 1555இல் ராஜர்சும் இரத்தசாட்சியாக எரிக்கப்பட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட தீர்ப்பில் மத்தேயு என்னும் பெயரும் சேர்த்தே எழுதப்பட்டது.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பின் முகப்பில் டிண்டேலின் பெயர் இல்லை. ஆனால் அதன் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை அவருடைய சொற்களே என 1998இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

குலப்பெயர் விசுவாசத்தைத் தருவதில்லை. 1730இல் வெளிப்பாட்டுச் சமயத்தை மறுத்து எழுதிய மேத்யூ டிண்டலும் இதே பெயரினர் அன்றோ! முன்னோர் தமக்கு விட்டுச்சென்ற பெயரை வில்லியம் எப்போது மறைத்தார், எப்போது வெளியிட்டார் என்பதே நாம் கருதத்தக்கது. புகழ் வரக்கூடிய இடத்தில் மறைத்தார். பொறுப்பு ஏற்கவேண்டிய இடத்தில், உயிருக்கு ஆபத்து என்று அறிந்தும், எழுதினார். பிரசங்கிக்கவும் எழுதவும் அழைக்கப்பட்ட நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறோம் அல்லவா?